தானே புதுப்பித்துக்கொள்ளும் சொல்லடைவு

தடித்த ஆய்வு நூல் எதை எடுத்தாலும் நான் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கங்களைத்தான். சொல்லடைவு அங்கேதான் இருக்கும். கணினி நிரலுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பது இறுதியாண்டுத் திட்டப்பணியில்தான் எனக்கு உறைத்தது.

முந்தைய மாணவர்கள் எழுதிய நிரலை எங்கள் நால்வர் குழு தொடர வேண்டியிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கோப்புகள்; ஒரு பக்க விளக்கம்கூட இல்லை. எந்தச் செயற்கூறு எங்கே எழுதப்பட்டுள்ளது என்று தேடுவதிலேயே மாலைகள் கழிந்தன. குழுவிலிருந்த தோழி ஒருத்தி, தலைப்பையே மாற்றித் தரும்படி விரிவுரையாளரிடம் கேட்கப் போவதாகச் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

இதற்கு 'சிடேக்ஸ்' என்ற பழைய கருவி உண்டு. பெர்க்லி யூனிக்ஸுக்காகக் கென் ஆர்னால்ட் எழுதியது. இன்று 'யுனிவர்சல் சிடேக்ஸ்' என்ற பெயரில் வளர்கிறது. நிரலில் உள்ள பெயர்களை அகரவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றும் எந்தக் கோப்பில் வரையறுக்கப்பட்டது என்று குறித்து வைக்கும். பிறகு 'விம்' தொகுப்பானில் ஒரு பெயரின் மேல் நின்று இரண்டு விசைகளை அழுத்தினால் போதும், அது எழுதப்பட்ட இடத்திற்கே போய்விடலாம்.

ஆனால் அச்சான நூல் மாறாது. நிரலோ நாள்தோறும் மாறும். ஒரு செயற்கூற்றை வேறு கோப்புக்கு மாற்றினால் அடைவு பொய் சொல்லும். பழைய அடைவு, அடைவே இல்லாததைவிட மோசம் என்பேன். இல்லாவிட்டால் தேடுவோம், இருந்தால் நம்பிவிடுவோமே!

அடைவைப் புதுப்பிக்க நால்வரும் நினைவில் வைத்திருப்பார்கள் என்பது நடக்காத காரியம். ஆகவே, எப்படியும் செய்தே தீரவேண்டிய ஒரு வேலையோடு அதைக் கட்டிவிட வேண்டும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய 'கிட்' இதற்கு வழி வைத்திருக்கிறது. மாற்றங்களைப் பதிந்ததும், பிறருடையதை இணைத்ததும், கிளை மாறியதும் தானாக ஓடும் சிறு நிரல்களை அதில் வைக்கலாம். அவற்றுக்கு 'ஹூக்' என்று பெயர். டிம் போப் என்ற நிரலர் 2011இல் எழுதிக் காட்டிய முறையைப் பின்பற்றினேன். அடைவு பின்னணியில் தயாராகும். தற்காலிகக் கோப்பில் முழுமையாக எழுதப்பட்ட பிறகே பழையதன் இடத்தைப் பிடிக்கும். அரைகுறை அடைவு யார் கண்ணிலும் படாது. அதை 'கிட்' கோப்புறைக்குள்ளேயே வைத்துவிட்டால், குழுவின் நிரலோடு கலந்து இணைப்பு மோதல்களையும் உண்டாக்காது.

ஒரு சிக்கல்: களஞ்சியத்தை நகலெடுக்கும்போது ஹூக்குகள் கூடவே வருவதில்லை. பிறர் எழுதிய நிரல் நம் கணினியில் கேட்காமல் ஓடக்கூடாது அல்லவா? அதனால் ஒவ்வொருவர் மடிக்கணினியிலும் தனித்தனியே நிறுவினேன். தோழியுடையதில்தான் முதலில்.

மறுவாரம் அவள் ஒரு பெயரைத் தேட, அடைவு மூன்று கோப்புகளைக் காட்டியது. ஒரே செயற்கூற்றை முன்னோர் மூன்று இடங்களில் நகலெடுத்து வைத்திருந்தார்கள். இரண்டை அவளே நீக்கினாள். தலைப்பு மாற்றும் பேச்சு அதன்பின் எழவில்லை.