டர்போவுக்கு முன் இதைக் கழற்றுங்கள்

கார்த்திகை நெருங்கினால் ஸ்ரீவில்லிபுத்தூர் – ராஜபாளையம் சாலையிலுள்ள பட்டறைகளில் டாக்ஸிகள் வரிசை கட்டும். சபரிமலை சவாரிக்குச் செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலை ஏற வேண்டுமே! நான் போன பட்டறையில் ஒரு பழைய டீசல் கார் பானட் திறந்து நின்றது.

"மேட்டுல இழுக்கவே மாட்டேங்குது அண்ணாச்சி, கரும்புகை வேற. டர்போ போச்சுன்னு சொல்லிட்டாங்க" என்றார் ஓட்டுநர்.

மெக்கானிக் டர்போ ஷாஃப்டை விரலால் ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இல்லை, டர்போ போனதற்கான அறிகுறி தெரியவில்லை. "மொதல்ல மேனிஃபோல்டக் கழட்டுவோம்" என்றார்.

ஏர் ஃபில்டர், டர்போ, இன்டர்கூலர் தாண்டி வரும் காற்றை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுப்பது இன்டேக் மேனிஃபோல்டு. இதை வார்க்க, மணல் கருவை அச்சுக்குள் வைத்து, உருக்கிய அலுமினியத்தை ஊற்றி, ஆறியதும் மணலை உதிர்த்து எடுப்பார்கள். உள்ளே குழல் தயார். புதிய கார்கள் பலவற்றில் கண்ணாடி இழை கலந்த நைலானில் வருகிறது.

இந்தக் காரில் இருந்தது அலுமினியம். மெக்கானிக் அதைத் திருப்பிக் காட்டினார். கட்டைவிரல் நுழைய வேண்டிய துளையில் சுண்டுவிரல்தான் போனது. மீதியெல்லாம் கரிக்களிம்பு. நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பதற்காக இ.ஜி.ஆர். வால்வு புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி அனுப்புகிறது. அதிலுள்ள கரி, கிராங்க் கேஸிலிருந்து வரும் ஆயில் ஆவியோடு சேர்ந்து படிகிறது. காற்று குறைந்தால் டீசல் முழுதாக எரியாது, கரும்புகை அதனால்தான்.

சுத்தம் செய்வதில்தான் தொழில் தெரிகிறது. சிலிண்டர் ஹெட் துளைகளில் முதலில் துணியை அடைத்தார்கள். ஒரு கரித்துண்டு உள்ளே விழுந்தாலும் வால்வுக்கு ஆபத்து. கிளீனரில் ஊறிய மேனிஃபோல்டைப் பையன் பிரஷ் போட்டுத் தேய்த்தான். காஸ்டிக் சோடா கூடாது, அது அலுமினியத்தையே அரிக்கும். பிறகு கம்ப்ரஸர் காற்று. முகப்பில் இரும்பு ஸ்கேல் வைத்து, ஃபீலர் கேஜால் வளைவு பார்த்து, புது கேஸ்கெட் போட்டார்கள்.

"டேய், ஓரத்துல ஆரம்பிக்காத. நடுவுல இருந்து வெளிய வா!"

நட்டுகளை அந்த வரிசையில், டார்க் ரெஞ்சால், இரண்டு சுற்றாக முறுக்கினால்தான் கேஸ்கெட் சமமாக உட்காரும். இல்லையென்றால் இணைப்பு வழியே காற்று கசியும்.

"இ.ஜி.ஆர்.ல தகடு வச்சு அடைச்சிரலாமா அண்ணாச்சி?" என்றார் ஓட்டுநர். "அடைச்சா கரி வராது, நச்சுப்புகை கூடிரும்" என்று மெக்கானிக் மறுத்து, வால்வையும் கழற்றிக் கழுவினார்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசல் கார்கள் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. அதன் பழைய ஸ்விஃப்ட், டிசையர் டீசல்களோ இன்னும் ஓடுகின்றன. உங்களிடம் ஒன்று இருந்து, யாராவது டர்போ மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். மேனிஃபோல்டையும் இ.ஜி.ஆர். வால்வையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கழுவுகிற கூலி, புது டர்போ விலைக்குப் பக்கத்தில்கூட வராது.