தொட்டபெட்டா நோக்கி

நீலகிரியின் மிக உயர்ந்த சிகரம் தொட்டபெட்டா. உயரம் 2,637 மீட்டர். உதகையிலிருந்து அங்குச் செல்ல நல்ல சாலை உண்டு. எனினும், ஐப்பசித் திங்களில் ஒருநாட் காலை, தனியே ஒற்றையடிப் பாதையில் நடந்தேன். வானம் தெளிந்திருந்தது.

வடகிழக்குப் பருவக்காற்று மலையில் மோதி மேலேறுங்கால் குளிர்ந்து முகிலாகிறது. தொலைவில் நிற்போர்க்கு அது முகில். உள்ளே நடப்போர்க்கு மூடுபனி. நடுவழியில் அது என்னைச் சூழ்ந்துகொண்டது. பத்தடிக்கு அப்பால் பாதை புலப்படவில்லை. கூவி அழைக்கத் துணையும் இல்லை. சோலையின் ஓரத்தில் அசையாது நின்றேன்.

மழை பெய்யவில்லை, ஆயினும் மரங்களிலிருந்து நீர் சொட்டியது. கிளைகளில் படர்ந்திருந்த பாசி, மூடுபனியின் நுண்துளிகளைத் திரட்டி மண்ணுக்கு வார்த்துக்கொண்டிருந்தது. மழையற்ற நாளிலும் நீலகிரி ஓடைகள் சலசலப்பதற்கு இச்சோலைகள் துணைபுரிகின்றன என்று படித்ததுண்டு. அன்று என் தோளே நனைந்தது!

அரைமணி கழிந்ததும் காற்று அப்பனித்திரையை விலக்கியது. சிகரம் கால்மணி நடைத் தொலைவில் நின்றது. ஆனால், கிழக்கே கருமுகில் திரண்டெழுந்தது, இடியும் முழங்கிற்று. உச்சியிலுள்ள தொலைநோக்கி நிலையத்துள் ஒதுங்கலாமே என்று உள்ளம் ஆசை காட்டியது. இடையிலிருந்த புல்மேடோ வெட்டவெளி. மின்னலுக்கு அங்கு என்னினும் உயர்ந்த இலக்கு இல்லை. திரும்பி நடந்தேன். சாலையை அடைவதற்கும் மழை கொட்டுவதற்கும் சரியாக இருந்தது.