சர்க்கரையின் எடைக் கணக்கு

180 கிலோ குளுக்கோஸை ஈஸ்டிடம் கொடுத்தால் அதிகபட்சம் 92 கிலோ எத்தனால் கிடைக்கும். மீதி 88 கிலோவும் கரியமில வாயுவாகப் பறந்துவிடும். ஈஸ்ட் தன் உடம்பை வளர்க்கவும் கொஞ்சம் எடுத்துக்கொள்வதால் ஆலையில் இதற்கும் கீழேதான். அதே 180 கிலோவை லாக்டிக் அமில பாக்டீரியாவிடம் கொடுத்தால், ஏட்டுக் கணக்குப்படி 180 கிலோவும் அமிலமாகத் திரும்பி வரும். மூலக்கூறு நடுவில் இரண்டாகப் பிளக்கிறது, ஒன்றும் வெளியே போவதில்லை. தாவரச் சர்க்கரையை வைத்து உலகத்தையே மாற்றப்போவதாக யாராவது சொன்னால் இந்த இரண்டு கணக்கையும் முதலில் போட்டுப் பார்த்துவிடுவது என் வழக்கம்.

*

குளுக்கோஸின் எடையில் பாதிக்கு மேல் ஆக்சிஜன். எரிபொருளாகப் பார்த்தால் அது ஏற்கெனவே பாதி எரிந்து முடிந்த விறகு. ஆக்சிஜனைக் கழற்றினால்தான் பெட்ரோல் பக்கம் நெருங்க முடியும். கழலும்போது அது கார்பனையும் இழுத்துக்கொண்டு போகிறது. எத்தனாலில்கூட மூன்றில் ஒரு பங்கு ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது. லிட்டருக்கு லிட்டர் வைத்துப் பார்த்தால் பெட்ரோலின் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் தேறும். இ20 (20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்) போட்ட பிறகு மைலேஜ் குறைகிறது என்று புலம்புகிறவர்கள் கற்பனையில் பேசவில்லை. லிட்டருக்கு 6, 7 சதவீதம் வெப்பம் குறைவு என்று கணக்கே சொல்கிறது.

*

ஆக்சிஜனை விரட்டாமல் வைத்துக்கொண்டால் என்ன கிடைக்கும்? பழுத்த உதாரணம் சிட்ரிக் அமிலம். ஒரு காலத்தில் அது இத்தாலிய எலுமிச்சையிலிருந்து வந்தது. 1917இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கியூரி என்ற வேதியியலாளர், ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் பூஞ்சையை நல்ல புளிப்பான, சர்க்கரை மிகுந்த கரைசலில் வளர்த்தால் சிட்ரிக் அமிலத்தை அள்ளித் தருகிறது என்று காட்டினார். பழைய வெங்காயத்தை உரிக்கும்போது விரலில் ஒட்டும் கறுப்புப் பொடி பெரும்பாலும் இந்தப் பூஞ்சைதான். ஃபைசர் நிறுவனம் 1919இல் உற்பத்தியைத் தொடங்கியது. இங்கே எடைக் கணக்கு தலைகீழ்: பூஞ்சை காற்றிலிருந்தும் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்வதால் 180 கிலோ குளுக்கோஸுக்கு ஏட்டளவில் 192 கிலோ அமிலம். போட்டதைவிட அதிகம்! எந்த விளம்பரமும் இல்லாமல் நூறு வருஷமாக ஓடுகிற தொழில் இது.

*

பிரேசிலில் ட்ரியூன்ஃபோ என்ற ஊரில் 2010இல் பிராஸ்கெம் நிறுவனத்தின் ஆலை தொடங்கியது. கரும்பு எத்தனாலிலிருந்து எத்திலீன், அதிலிருந்து பாலித்தீன், ஆண்டுக்கு 2 லட்சம் டன் அளவில். 92 கிலோ எத்தனாலிலிருந்து தண்ணீரை நீக்கினால் 56 கிலோ எத்திலீன். ஆக, 180 கிலோ சர்க்கரைக்கு 56 கிலோ பிளாஸ்டிக். அதே சர்க்கரை லாக்டிக் அமிலம் வழியாகப் போய் பிஎல்ஏ (பாலிலாக்டிக் அமிலம்) என்ற பிளாஸ்டிக் ஆனால் 144 கிலோ. பாலித்தீன் செய்கிற வேலையெல்லாம் பிஎல்ஏ செய்யாது என்பது வேறு விஷயம். வெந்நீர் ஊற்றினாலே தொய்ந்துபோகும்.

*

வடிசாலையில் பார்க்க வேண்டியது கடைசிக் கட்டம். நொதித்த கரைசலில் சாராயம் பத்து சதவீதம் இருந்தாலே பெரிது. அதைக் காய்ச்சி வடித்துக்கொண்டே போனால் 95 சதவீதத்தைத் தாண்டியதும் முட்டி நிற்கும். ஆவியிலும் திரவத்திலும் ஒரே விகிதம் வந்துவிடுவதால் அதற்கு மேல் வடித்துப் பயனில்லை. பெட்ரோலில் கலக்க அந்த மிச்சத் தண்ணீரும் போக வேண்டும். ஜியோலைட் குண்டுமணிகள் நிரப்பிய கலத்தில் ஆவியைச் செலுத்துகிறார்கள். மணியின் துளை மூன்று ஆங்ஸ்ட்ராம். தண்ணீர் மூலக்கூறு உள்ளே நுழைந்துவிடும், அதைவிடப் பருத்த எத்தனால் வெளியே நின்றுவிடும். ஒரு கலம் நிறைந்ததும் பக்கத்துக் கலத்துக்கு மாற்றிவிட்டு, முதல் கலத்தின் ஈரத்தை உறிஞ்சி எடுப்பார்கள்.

*

இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் பருத்திக் கூடாரங்கள் மக்கிப் போயின. காரணமான பூஞ்சையை எடுத்துப் பாதுகாத்தார்கள். பிற்பாடு, அதை ஆராய்ந்த எல்வின் ரீஸ் நினைவாக அதற்கு ட்ரைக்கோடெர்மா ரீசை என்று பெயர் வந்தது. அழிவைத் தடுக்கத் தொடங்கிய ஆராய்ச்சி. இன்று வைக்கோலின் செல்லுலோஸைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளுக்கு அந்த ஒற்றைப் பூஞ்சை மாதிரியின் வாரிசுகளைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறோம்.

*

பானிபட்டில் இந்தியன் ஆயிலின் வைக்கோல் எத்தனால் ஆலை, 2022. நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் திறன், ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோல் தேவை. நெல் அறுப்பு சில வாரம், ஆலை ஓடுவது வருஷம் முழுக்க. இடைப்பட்ட மாதங்களில் வைக்கோலை நனையாமல், தீப்பிடிக்காமல் அடுக்கிவைக்க வேண்டும். போதாததற்கு, வைக்கோலில் கிடைக்கும் சர்க்கரையில் கணிசமான பங்கு சைலோஸ். சாதாரண ஈஸ்ட் அதைத் தொடாது, மரபணு மாற்றிய ஈஸ்ட் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் தீர்ந்த பிரச்சினையும் கட்டு கட்டாக லாரியில் வரும்போது மறுபடி பிரச்சினைதான்.

*

வைக்கோல் கஷ்டம் என்பதால் மக்காச்சோளம். இந்திய எத்தனாலில் இப்போது தானியத்தின் பங்கு கரும்பை முந்திவிட்டது. மக்காச்சோளம் விலை ஏறினால் நாமக்கல் கோழிப்பண்ணையில் தீவனச் செலவு ஏறும். பதிலுக்கு ஆலைகள் டிடிஜிஎஸ் தருகின்றன: மாவுச்சத்து போக மிஞ்சும் புரதச் சக்கை. வாங்குகிறவர் பூஞ்சை நஞ்சுப் பரிசோதனைச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். தானியத்தில் மூன்றில் இரண்டு பங்கு சாராயமும் வாயுவுமாகப் போய்விடுகிறது, அஃப்ளாடாக்சின் என்ற அந்தப் பூஞ்சை நஞ்சு போவதில்லை. மிச்ச மூன்றில் ஒரு பங்கில் அது ஏறக்குறைய மூன்று மடங்காகத் திரண்டு நிற்கும்.