பற்றற்ற பரப்பு

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் பெருந்தெருவிலே உள்ள விசுவமடு, படித்த வாலிபர் காடு வெட்டிக் குடியேறிய ஊர். ஆங்கு வாழும் பழைய மாணவராகிய யாம், நம் கல்லூரியின் யூபிலி மலருக்கு நீரைப்பற்றியே எழுத விழைந்தோம்.

முன்னாளில் மண்குடத்தில் வைத்த நீரை இந்நாளிற் பிளாஸ்ரிக் தாங்கியில் வைக்கின்றோம். 2009இல் இடம்பெயர்ந்து முகாமில் வாழ்ந்தபோது தாங்கி நீரே எமக்கு உயிர்நீராயிற்று. வயிற்றோட்டத்தால் வாடிய குழந்தைகளையும் அங்கே கண்டோம். அன்று தொட்டு, தாங்கியின் உட்புறத்தைத் தடவிப் பார்க்கும் வழக்கம் எம்மை விட்டு நீங்கவில்லை.

கைக்குத் தட்டுப்படும் வழுக்கல் வெறும் அழுக்கன்று. பற்றீரியாக்கள் கட்டிய வீடு. நீரிலுள்ள புரதம் முதலியன முதலிற் பரப்பிற் படியும். பற்றீரியாக்கள் அதன்மேல் ஒட்டிப் பெருகிப் பசை சுரந்து தம்மைப் போர்த்துக்கொள்ளும். அப்போர்வையுள் இருப்பவற்றைக் குளோரீனும் எளிதில் அணுகாது. வைத்தியசாலையிற் சிறுநீர்க் குழாயிலும் இதுவே நிகழ்கின்றது. ஆங்கு மருந்தும் பலகாலும் தோற்கும்.

ஆதலின், கொல்வதினும் ஒட்டவிடாமை மேல் என ஆய்வாளர் சிலர் எண்ணினர். எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்து மெய்தல் ரெச்செசும் குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இவ்வழியது. பெப்தைட்டு என்பது அமினோவமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. அவர்கள் ஆக்கியது மூன்றே கண்ணிகள் உடையது. முதற் கண்ணி, அலை மோதினும் பாறையை விடாத மட்டியின் பசையிற் காணப்படும் 'டோப்பா'; அது பரப்பைப் பற்றிக்கொள்ளும். ஏனைய இரண்டும் புளோரீன் ஏற்றிய பீனைலலனீன். இரண்டு பீனைலலனீன் சேர்ந்த பெப்தைட்டு தானே நுண்குழாயாக அமையும் என்பதை ரெச்செசும் எகுட் காசிட்டும் 2003இலேயே காட்டியிருந்தனர். இங்கும் மூலக்கூறுகள், எவரும் அடுக்காமலே, தாமே அணிவகுத்துப் பூச்சாகின்றன. ஒட்டாத சட்டியின் பூச்சிலும் உள்ள புளோரீன் பிறபொருளை அண்டவிடாது. புரதம் படிதல் தடைப்பட்டது. பற்றீரியாப் படலம் உருவாதலும் குலைந்தது.

ஆயினும், ஆய்கூடத்துத் தகடு வேறு. வன்னி வெயிலில் ஆண்டுக்கணக்காக நிற்கும் தாங்கி வேறு. அத்தகைய பூச்சு எம் வாசலுக்கு வரும்வரை, தும்பினால் நன்கு உரஞ்சிக் கழுவிய பின்னரே குளோரீன் இடுதல் வேண்டும். வழுக்கல் இருக்க மருந்திடுதல், களை இருக்க உரமிடுதலை ஒக்கும்.

விஞ்ஞானம் பயிலும் இளையோரே! ஏழை வீட்டுத் தாங்கிக்கும் ஏற்ற, மலிவும் உறுதியும் உடைய பூச்சொன்றை ஆக்குதல் உங்கள் தலைமுறையின் பணி. நம் குளத்துத் தாமரையிலை நீரிடை வாழ்ந்தும் நீர் ஒட்டாதிருத்தலை நாடோறும் காண்கின்றோம். கண்டதைக் கருவியாக்குவதன்றோ கல்வி!