பறித்து வைத்த ஐபாட்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். 2005-06 பிளஸ் டூ பேட்ச் பிள்ளைகள் அவசியம் படிக்க வேண்டும்.

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது, பழைய பிராக்டிகல் நோட்டுகளுக்கு நடுவே ஒரு கைக்குட்டைப் பொட்டலம் கிடைத்தது. பிரித்தால், கறுப்பு ஐபாட் நானோ. பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. 2006 ஜனவரியில், கடைசி பெஞ்சில் ஒரு பையனிடமிருந்து நான் பறித்தது அது.

மின்தேக்கிப் பாடத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அவன் சட்டைக்குள் வயரை ஓட்டி, காதைக் கையால் மறைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். பிடுங்கியபோது, "சார், அதுல எங்க அப்பா..." என்று ஆரம்பித்தான். "பரீட்சை முடிஞ்சு வந்து வாங்கிக்கோ" என்று வாயை அடைத்துவிட்டேன். அவன் வரவில்லை. ஜூனில் எனக்கு டிரான்ஸ்ஃபர். பெட்டிகளோடு இதுவும் பரணுக்குப் போய்விட்டது.

இப்போதுள்ள சார்ஜர் எதுவும் பொருந்தவில்லை. தங்கை மகன்தான் அகலமான பழைய வயர் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தான். 2003-இல் வந்த மூன்றாம் தலைமுறை ஐபாடில் தொடங்கிய அந்த இணைப்பை 2012-இல் மாற்றிவிட்டார்களாம். அவன் சொல்லச் சொல்ல ஆசை வந்து, நானும் உட்கார்ந்து படித்தேன்.

1998-இல் வந்த எம்பி3 கருவிகளில் 32 எம்பிதான் இடம். ஏழெட்டுப் பாட்டு கொள்ளும். 2001 அக்டோபர் 23 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் காட்டிய முதல் ஐபாடில் 5 ஜிபி, 1000 பாட்டு. உள்ளே 1.8 அங்குல ஹார்டு டிஸ்க் சுழலும். முன்னால் இருந்த சக்கரமும் நிஜமாகவே சுழலும். அடுத்த வருடமே சக்கரம் சுழல்வது நின்று, தொட்டால் போதும் என்றானது. 2004-இல் மினி வந்தபோது பொத்தான்கள் சக்கரத்துக்குள்ளேயே அடங்கின. 2005 ஜனவரியில் வந்த ஷஃபிளில் திரையே கிடையாது. அதே செப்டம்பரில், நன்றாக விற்றுக்கொண்டிருந்த மினியை நிறுத்திவிட்டு நானோவைக் கொண்டுவந்தார்கள். ஹார்டு டிஸ்க் போய் ஃபிளாஷ் மெமரி. எடை 42 கிராம். 2007-இல் வந்த ஐபாட் டச்சில் சக்கரமும் போய்விட்டது. அதே வருடம் வந்த ஐபோன், பாட்டையும் தனக்குள் இழுத்துக்கொண்டது. கிளாசிக் 2014-இலும், நானோவும் ஷஃபிளும் 2017-இலும், டச் 2022-இலும் நின்றன. ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றி, கடைசியில் கருவியே இல்லாமல் போயிற்று.

எனக்கு உறைத்தது அந்தச் சக்கரம்தான். அது வேலை செய்வதே மின்தேக்கித் தத்துவத்தில். விரல் நகர நகர அடியில் உள்ள மின்தேக்குத்திறன் மாறும். அதை வைத்து விரல் இருக்கும் இடத்தைக் கருவி அறியும். நான் போர்டில் இரண்டு கோடு போட்டு நடத்திய பாடம், அவன் விரல் நுனியில் இருந்திருக்கிறது. வாங்கி எல்லோருக்கும் காட்டியிருந்தால் ஒருவரும் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று எனக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை.

அரை மணி சார்ஜ் ஏறியதும் திரையில் வெளிச்சம் வந்தது. வயரை எடுத்தால் அணைந்துவிடுகிறது. உள்ளே நிறைய சினிமாப் பாட்டு. அகர வரிசை என்பதால் பட்டியலின் தலையிலேயே, ஆங்கில எழுத்தில், "அப்பா 1", "அப்பா 2" என்று ஒன்பது வரை. ஒன்றை அழுத்தினேன். "தம்பி, சாப்பிட்டியா?" என்றது ஒரு குரல். உடனே நிறுத்திவிட்டேன். அது நான் கேட்க வேண்டியது இல்லை.

அவன் அப்பா வெளிநாட்டில் இருந்தது எனக்குத் தெரியும். 80-களில் எங்கள் அத்தான் குவைத்திலிருந்து கேசட்டில் பேசி அனுப்புவார். அக்கா டேப் ரிக்கார்டர் முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டே கேட்பாள். உறவுகளுக்கு நினைவிருக்கும். அந்த வீட்டில் வளர்ந்த எனக்கு, "எங்க அப்பா" என்று அவன் சொன்னபோதே விளங்கியிருக்க வேண்டும்.

அவன் பெயரை இங்கே போட மாட்டேன். அந்த பேட்ச் பிள்ளைகளுக்கு யாரென்று தெரியும். கமெண்டில் எழுதாமல் இன்பாக்ஸில் சொல்லுங்கள். பேட்டரி மொத்தமாகப் போவதற்குள் சேர்த்துவிட வேண்டும்.

தம்பி, நீயே இதைப் படித்தால், வந்து வாங்கிக்கொள்ள வேண்டாம். எந்த ஊர் என்று சொல். நானே கொண்டுவந்து தருகிறேன். மன்னித்துக்கொள்.