யாரென்று கேளாத கொடை

கணினிகள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ள வேண்டுமாயின் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஐ.பி. முகவரி இன்றியமையாதது. முன்னர் வலையமைப்பைப் பராமரிப்போர் இம்முகவரிகளைக் கணினிதோறும் கையாற் பதிந்து வந்தனர். இச்சுமையை நீக்க எழுந்ததே டி.எச்.சி.பி. என்னும் நெறிமுறை. 1993 இல் முதல் வடிவம் பெற்ற அது, பக்னல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றால்ப் ட்றோம்ஸ் 1997 இல் எழுதிய ஆவணத்தின் வாயிலாக நிலைபெற்றது.

புதிதாக இணையும் கணினி, "முகவரி தருவார் உளரோ?" என யாவர்க்கும் கேட்கும்படி வினவுகிறது. சேவையகம் ஒரு முகவரியை முன்வைக்கிறது. கணினி அதனை வேண்டுகிறது. சேவையகம் ஒப்புதல் அளித்துக் குறித்த காலத்துக்குக் குத்தகையாக வழங்குகிறது. இந்நான்கு செய்திகளுள் எதுவும், கேட்பவர் யார், கொடுப்பவர் யார் என ஆராய்வதில்லை. நெறிமுறையின் எளிமையும் இதுவே. அதன் நலிவும் இதுவே.

கேட்கும் கணினியைச் சேவையகம் பெரும்பாலும் அதன் வன்பொருள் எண்ணைக் கொண்டே இனங்காண்கிறது. அவ்வெண்ணோ எளிதிற் புனையத்தக்கது. 254 முகவரிகளே அமையக்கூடிய வலையமைப்பொன்றில், ஒரே கணினி நூற்றுக்கணக்கான பொய்யெண்களைக் காட்டிக் கேட்குமாயின் இருப்பு விரைவில் தீர்ந்துவிடும். பின்னர் வருவோர் வெறுங்கையராய் நிற்பர். இதனைப் பட்டினித் தாக்குதல் என்பர்.

அடுத்து நிகழக்கூடியது இதனினும் கொடிது. தாக்குபவர் தாமே சேவையகமாக வேடம் பூண்டு, முகவரியோடு பொய்யான வழியையும் அறிவிக்கலாம். பெறுபவர் யாவும் செவ்வனே நடைபெறுவதாக நம்புவார். அவருடைய செய்திகளோ அயலார் கைவழியே செல்லும். பட்டினியைப் பசித்தவர் உணர்வர். உணவிற் கலந்த நஞ்சை உண்பவரும் உணரார்.

இக்குறை பின்னாளிற் புலப்பட்டதன்று. நெறிமுறை பாதுகாப்பற்றது என்பதை 1997 ஆம் ஆண்டு ஆவணமே ஒப்புக்கொள்கிறது. செய்திகளின் மெய்ம்மையை உறுதிசெய்யும் முறையொன்று 2001 இல் வகுக்கப்பட்டது. ஆயின், அதற்கு வேண்டிய இரகசியத் திறவுகோலைக் கணினிதோறும் முன்கூட்டியே பதிய வேண்டியிருந்தது. நீக்க முனைந்த சுமையே மீண்டும் வந்தமையால் அம்முறை பரவவில்லை.

ஆகவே, காவற்பணி கணினிகளை இணைக்கும் ஆளிகளிடம் சேர்ந்தது. சேவையகத்தின் மறுமொழி எந்த வாயிலால் வரலாம், ஒரு வாயிலில் எத்தனை வன்பொருள் எண்கள் தோன்றலாம் என்பவற்றை ஆளியில் வரையறுக்கலாம். இவ்வரையறை இயல்பாக அமைவதன்று. பராமரிப்பவர் அறிந்து இயக்கினாலன்றிக் காவலும் இல்லை.

நூலகம் போன்ற பொதுவிடங்களில் அறியாதவரையும் வரவேற்பது இந்நெறிமுறையின் சிறப்பு. அச்சிறப்பு நிலைக்க வேண்டுமாயின், வருவோர் எல்லோரையும் ஐயுறுதல் வேண்டா. கொடுப்பவர் பெயரால் எவர் பேசலாம் என்பதை வரையறுத்தலே வேண்டும்.