பிராங்பர்ட் பத்தரை, படப்பை இரண்டு

2025 மார்ச் 28, வெள்ளி

டிராவல் டெஸ்க் வேலை என்றால் டிக்கெட் போடுவது மட்டுமில்லை, கணக்கு வாத்தியார் வேலையும்தான். முதன்முறையாக ஜெர்மனி போகும் மெயின்டனன்ஸ் பையன், வாலாஜாபாத்காரன், டிக்கெட்டை நீட்டினான். "அக்கா, ராத்திரி ரெண்டு மணிக்கு ஏறினா காலையில ஒன்பது மணிக்கு பிராங்பர்ட்டா? ஏழே மணி நேரமா?"

அது அவர்கள் ஊர் ஒன்பது மணி. நம் கடிகாரத்தில் பன்னிரண்டரை. ஆக, பத்தரை மணி நேரம் உட்கார்ந்தே ஆக வேண்டும். அவன் போவதற்குள், இந்த ஞாயிறு, அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுகிறார்கள். நாலரை மணி வித்தியாசம் மூன்றரை ஆகிவிடும். அவர்கள் காலை ஒன்பது மணிக்குப் போடும் மீட்டிங் இனி சரியாக நம் கேன்டீன் நேரத்தில் வந்து விழும்.

ஏப்ரல் 2, புதன்

சென்னையிலிருந்து பிராங்பர்ட் சுமார் 7,600 கிலோமீட்டர். திரும்பி வரவும் அதே தூரம்தான், ஆனால் ஒன்பது மணி சொச்சத்தில் வந்துவிடலாம். பூமி சுற்றுவதால் என்று இன்ஜினியர்களே சொல்கிறார்கள்! காற்றும் பூமியோடு சேர்ந்துதானே சுற்றுகிறது? பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் காற்றோட்டம்தான் காரணம். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது தள்ளிவிடுகிறது. ஜப்பான் போனால் கணக்கு தலைகீழ். 2019 அக்டோபரில் ஏ.என்.ஏ. நிறுவனம் சென்னையிலிருந்து நரிட்டாவுக்கு நேரடி விமானம் விட்டது, 6,500 கிலோமீட்டர். கொரோனாவில் நின்றது. இப்போது ஜப்பான்காரர்களுக்கு சிங்கப்பூரோ பாங்காக்கோ சுற்றித்தான் டிக்கெட் போடுகிறேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

இன்றைக்குப் பையன் புறப்பாடு. எங்கள் கம்பெனி இருக்கும் ஒரகடத்திலிருந்து மீனம்பாக்கம் ஏர்போர்ட் நாற்பது கிலோமீட்டர் சொச்சம். விமானம் போகிற வேகத்துக்கு மூன்றரை நிமிஷம்கூட ஆகாது. நாங்கள் இரண்டு மணி நேரம் ஒதுக்குகிறோம். ஷிப்ட் விடுகிற நேரம். வரிசையாகக் கம்பெனி பஸ், நடுவே கன்டெய்னர் லாரி. "படப்பையில மாட்டினா என்னைக் கேக்காதீங்க மேடம், ஸ்ரீபெரும்புதூர் போயி ஹைவேஸ்ல போயிடறேன்" என்றார் டிரைவர் அண்ணன். சுற்றுதான். போகட்டும் என்றேன்.

பரந்தூரில் ஏர்போர்ட் வந்தால் நமக்குப் பக்கம் என்று ஆபீசில் பேச்சு. 2022-லிருந்து அதை எதிர்த்து ஏகனாபுரத்து ஜனங்கள் போராடிக்கொண்டிருக்கிறார்கள். கேப் பில் குறையும் என்று சந்தோஷப்பட எனக்கு மனசு வரவில்லை.

மே 6, செவ்வாய்

பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் வான்வழி மூடியாகிவிட்டது. லுப்தான்சாவும் ஏர் பிரான்சும் தாமாகவே அந்தப் பக்கம் போவதில்லை. ஞாயிறன்று பிராங்பர்ட்–டெல்லி விமானத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் பிடித்ததாம். டெல்லியிலிருந்து அமெரிக்கா போகும் ஏர் இந்தியா விமானங்கள் சில, வியன்னாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போகின்றன. நெட்டில் தேடினால் மட்டும் ஊருக்கு ஊர் தூரம் பழைய எண்ணையே காட்டுகிறது.

பையன் இந்த வாரம் திரும்புகிறான். அச்சிட்ட நேரத்தை நம்பி வண்டியை அனுப்பினால் பார்க்கிங் கட்டணம் என் தலையில். டிரைவர் அண்ணனுக்கு விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் ஆப்பைப் போனில் ஏற்றிக் கொடுத்தேன். ஒரு நிமிஷம் உருட்டிப் பார்த்தவர் சொன்னார்: "பாம்பே தாண்டட்டும் மேடம், அப்புறம் வண்டிய எடுக்கறேன். அந்த ராத்திரியில படப்பை காலியாத்தான் கெடக்கும்."